நாற்பத்தேழாம் துளையின் மறுபாதி

ஜனவரி 8

அன்புள்ள கல்லுவுக்கு,

நலமா? நானும் உன் அண்ணியும் நலம். இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? வேலை நேரத்தில் முகமூடி போடுகிறாயா, அல்லது வழக்கம்போல அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறாயா?

விசாரிப்பு முடிந்தது. இனிமேல் கோபம்.

நேற்று எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீட்டுக் கதவுகளிலும் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தின் வாசலிலும் ஒட்டினார்கள். எங்களுக்கு அடியில் செம்பு இருக்கிறதாம். முப்பது ஆண்டுகள் தோண்டினாலும் தீராதாம். அதனால் தெருவையும் பள்ளிக்கூடத்தையும் அப்புறப்படுத்திவிட்டு இங்கே சுரங்கக் குழி வெட்டப் போகிறார்களாம். தாளின் அடியில், ‘கனிம இருப்பைக் கணித்துச் சான்றளித்தவர்’ என்ற வரிக்கு எதிரே உன் கையெழுத்து.

பசை காயும் முன்பே எதிர்வீட்டுத் தையல்காரர் வந்துவிட்டார்.

“சார், இது நம்ம கல்லுவா?”

“ஆமா.”

“கவுன் பாக்கெட்ல கல்லா ரொப்பி, பாக்கெட் பிஞ்சு போய் என்கிட்ட தைக்க வருமே, அந்தக் கல்லுவா?”

“அதே கல்லுதான்.”

“தெரியாம ரெட்டைத் தையல் போட்டுக் குடுத்துட்டேன் சார். அப்பவே கிழிஞ்சபடி விட்டிருக்கணும்.”

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பள்ளி மைதானத்தில் துளை போட வந்தாய். பதினெட்டு நாள் என் வீட்டில் தங்கினாய். ‘சும்மா பார்க்கிறோம், அண்ணா’ என்றாய். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா? அண்ணன் தன் வீடு போகும் செய்தியைக் கதவில் ஒட்டிய தாளில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஒன்று மட்டும் சொல். அந்த முப்பது ஆண்டுக் கணக்கு மெய்தானா?

பதிலை எதிர்பார்த்து,
அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இருமல் குறைந்திருக்கிறது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மாடிக்கு ஏறாமல் கீழ் அறையிலேயே படுத்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு ரத்த அழுத்த மாத்திரை தவறாமல் போகிறதா?

நீங்கள் வருத்தப்படுவது புரிகிறது. முன்கூட்டியே சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. நிறுவனத்தில் சேரும்போதே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். யாருடைய வீட்டை எடுப்பது, எங்கே மாற்றுவது என்பதெல்லாம் வேறு பிரிவு பார்க்கும் வேலை. துளையில் வந்த கல் என்ன சொன்னதோ, அதை எழுதுவதுதான் என் வேலை. கல் பொய் சொல்லாது என்று உங்கள் மாணவர்களுக்கு நீங்களே சொல்வீர்களே.

இந்த ஊரில் தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது. மற்றபடி எல்லாம் வழக்கம்போல.

அறிக்கை நகராட்சியில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும். அதை நீங்கள் படிக்க வேண்டாம். வெறும் எண்கள்தான். கண்ணுக்குத்தான் கேடு.

அன்புடன்,
கல்லு


பிப்ரவரி 6

அன்புள்ள கல்லுவுக்கு,

உன் உடம்பு தேறியதில் மகிழ்ச்சி. அண்ணி மாத்திரை போடுகிறாள். ஒத்தடமும் கொடுக்கிறாள், அர்ச்சனையும் கொடுக்கிறாள். படிக்காதே என்று நீ எழுதியதால் படித்துவிட்டேன்.

அறிக்கையை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்றார்கள். நான்கு நாள் மதியம் நகராட்சி அலுவலகத்தில், ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன். குமாஸ்தாவுக்கு என்மேல் சந்தேகம்.

“என்ன சார், சிவப்புப் பேனாவோட வந்திருக்கீங்க?”

“பழக்கம்.”

“அதுல எதையாவது திருத்தி வெச்சிடாதீங்க. அப்புறம் என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க.”

“மார்க் போட்டா?”

“அதை உங்க மனசோட போட்டுக்கங்க சார்.”

உன் எழுத்து நன்றாகவே இருக்கிறது. துளை, ஆழம், கல்லின் நிறம், எல்லாம் ஒழுங்கு. நாற்பத்தேழாம் துளைக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது பள்ளி மைதானத்தில், கூடைப்பந்துக் கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டது. 112 முதல் 114 மீட்டர் ஆழம் வரை, நூறு கிலோ கல்லில் ஒன்பது கிலோ செம்பு என்று எழுதியிருக்கிறாய். அறிக்கை முழுவதிலும் அதைவிடப் பெரிய எண் இல்லை. தெருவின் தலையெழுத்தே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மேஜையைப் பார்த்தேன். மின்கட்டணச் சீட்டுகள் பறக்காமலிருக்க ஒரு கல் வைத்திருக்கிறேன். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று கொடுத்ததுதான். துளையிலிருந்து மெழுகுவத்தி மாதிரி உருளையாக வரும் கல்லை நீங்கள் கோர் என்பீர்கள். அதை நீளவாக்கில் இரண்டாக வாளால் அறுத்து, ஒரு பாதியைப் பொடித்துச் சோதனைக்கு அனுப்புவீர்கள், மறுபாதியைப் பெட்டியில் சாட்சியாக வைத்திருப்பீர்கள் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். “இது யாருக்கும் வேண்டாத பாதி அண்ணா, வெச்சுக்கங்க” என்றும் சொன்னாய்.

அதன் முதுகில் மஞ்சள் மையில் 47 என்றும் 113 என்றும் எழுதியிருக்கிறது.

அறுத்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தேன். ஒரு சாண் நீளமும் வெறும் சாம்பல் கல். ஓரத்தில் ஒரே ஒரு பித்தளை நிற இழை, நூல் கனம். ஒன்பது கிலோவுக்கு இங்கே இடமே இல்லையே? எனக்குப் புரியும்படி விளக்கு.

அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

அந்தக் கல் நிறுவனத்துக்குச் சொந்தமானது. நான் உங்களுக்குக் கொடுத்திருக்கக் கூடாது. பத்திரமாகக் கட்டி என் வீட்டு முகவரிக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அலுவலக முகவரிக்கு வேண்டாம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

கல்லு


மார்ச் 26

கல்லுவுக்கு,

நலம்.

ஆறு வாரம் காத்திருந்தேன். தபால்காரர் தலையைப் பார்த்தாலே எழுந்து போய் வாசலில் நின்றேன். கடைசியில் வந்தது ஒன்பது வரி! கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, கல்லைத் திருப்பிக் கொடு என்று மட்டும் இருக்கிறது. விடை தெரியாத பையன் கேள்வித்தாளையே கிழித்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். நீ அந்த வகைப் பிள்ளை இல்லை. உனக்கு விடை தெரிந்திருக்கிறது, அதனால்தான் கிழிக்கப் பார்க்கிறாய்.

நீ விளக்காததால் நானே விளக்கிக்கொண்டேன். மின்சாரம் போனால் ஏற்றும் மெழுகுவத்தி ஒன்றை எடுத்தேன். மலிவானது, திரி நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. திரி இரண்டாகப் பிளக்கும்படி நீளவாக்கில் வெட்டினால், இரண்டு பாதிக்கும் பாதித் திரி வரும். அதே மெழுகுவத்தியைக் கொஞ்சம் திருப்பி வைத்து வெட்டினால், ஒரு பாதிக்கு முழுத் திரியும் போய்விடும். மறுபாதி வெறும் மெழுகு. இதைக் கண்டுபிடிக்க இரண்டு மெழுகுவத்தியும் ஒரு காய்கறிக் கத்தியும் வீணாயின. அண்ணி இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

என் மேஜையில் இருப்பது திரி இல்லாத பாதி. திரி முழுவதும் சோதனைச்சாலைக்குப் போயிருக்கிறது. ‘முழு மெழுகுவத்தியும் இப்படித்தான்’ என்று அறிக்கை எழுதியிருக்கிறது. ஒரு துளையில் இப்படி நடந்தால் தற்செயல். எத்தனை துளைகளில் நடந்தது?

பள்ளிக்கூடத்தில் இருந்த பெரிய பூகோள உருண்டை உனக்கு நினைவிருக்கும். அதன்மேல் ஒட்டியிருக்கும் அட்டையின் கனம்தான் நாம் நிற்கும் பாறை. அதற்குள்ளேதான் செம்பு, இரும்பு எல்லாம். கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைப் படிவம் மாதிரி, கல்லின் விரிசலில் சூடான தண்ணீர் ஓடி ஓடிப் படிந்தது அது. படிய எத்தனையோ லட்சம் ஆண்டுகள். எடுத்தால் மறுபடி முளைக்காது. ஆகவே, இருக்கிறதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் என் தங்கை என்று முப்பது வகுப்புகளில் பெருமை பேசியிருக்கிறேன்.

ஏப்ரல் 24 அன்று கருத்துக் கேட்புக் கூட்டம், பள்ளி மண்டபத்தில். அதற்குள் பதில் வர வேண்டும்.

அண்ணன்


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அறுபத்திரண்டு துளைகளில் நடந்தது.

தொடக்கத்தில் இது ஏமாற்று இல்லை. நீங்கள் நம்ப வேண்டும் என்று கெஞ்சவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். கோர் கொட்டகைக்கு யார் யாரோ வருவார்கள். இயக்குநர்கள், முதலீட்டாளர்கள், கல்லூரிப் பிள்ளைகள். பெட்டியில் மினுங்கும் கல் எதைக் கண்டாலும் ஞாபகார்த்தமாக ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். முதல் ஆண்டிலேயே நல்ல துண்டுகளில் பாதி காணாமல் போயிற்று. அறுப்பதற்கு முன்பு கோரின் மேல் சிவப்புக் கோடு போடுவது என் வேலை. அந்தக் கோட்டில்தான் வாள் போகும். கோடு செம்பு இழையை நடுவாகப் பிளக்க வேண்டும் என்பது விதி. நான் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். மினுங்கும் பக்கம் சோதனைப் பைக்குள் போய் சீல் ஆகிவிடும். பெட்டியில் அழகில்லாத பக்கம் இருக்கும், யாரும் தொட மாட்டார்கள். திருட்டு நின்றது. என்னை நானே கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன்.

சோதனை முடிவுகள் உயர உயர, இடம் வளமான இடம் என்றுதான் நினைத்தேன். இருபது பெட்டிக்கு ஒன்று வீதம் மறுபாதியையும் சோதித்துச் சரிபார்க்க வேண்டும். அவசரம் என்று அதை நிறுத்தி வைத்தார்கள். கோரை அறுக்கும் வாள்காரர்தான் ஒரு நாள் கேட்டார்.

“அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க கோடு எப்பவும் ஒரே பக்கமா சாயுது. கல்லுல ஏதாச்சும் காரணமா, கையிலயா?”

கையில்தான் என்று அந்த நிமிடம் புரிந்தது. காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உடனே மேலாளரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“மேடம், கணக்கு மேல போய் ஆறு மாசமாச்சு. இனிமே அது உங்க கணக்கும் இல்ல, என் கணக்கும் இல்ல. உக்காருங்க, டீ சாப்பிடுங்க.”

அந்த டீயைக் குடித்தேன், அண்ணா. அடுத்த வாரம் கையெழுத்தும் போட்டேன்.

உண்மையான கணக்கு முப்பது ஆண்டு இல்லை. ஏற்கெனவே தோண்டிக்கொண்டிருக்கும் பழைய குழிப் பக்கம் எட்டு, ஒன்பது ஆண்டு வரலாம். உங்கள் தெருவுக்கு அடியில் தோண்டும் அளவுக்கு எதுவும் இல்லை. நீங்கள் சொன்ன கெட்டில் படிவம்தான், அதுவும் திட்டுத் திட்டாக.

இது வெளியே வந்தால் என் சான்றுரிமை போய்விடும். இருபத்தாறு ஆண்டு உழைப்பு. வாள்காரரையும் சேர்த்து இழுப்பார்கள். அறுத்தவர் அவர்தான் என்பார்கள். கல்லைக் கூட்டத்துக்குக் கொண்டு போகாதீர்கள். எனக்கு அனுப்பிவிடுங்கள். இந்தக் கடிதத்தைக் கொளுத்திவிடுங்கள்.

உங்கள்
கல்லு


ஏப்ரல் 8

கல்லுவுக்கு,

கடிதத்தைக் கொளுத்தவில்லை. அண்ணி படித்தாள். படித்துவிட்டு, “அவ சாப்பிட்டாளோ இல்லையோ” என்றாள். அவளுக்கு எப்போதும் உன் கட்சி. எனக்கு அப்படி இருக்க முடியவில்லை.

நீ கோட்டைத் தள்ளிப் போட்டதற்கு எனக்குக் கோபம் இல்லை. அது பிழை. கணக்குப் போடும் எந்தக் கையும் பிழை செய்யும். முப்பத்து நான்கு ஆண்டு பிழைகளைத் திருத்திச் சோறு தின்றவன் நான். எனக்குக் கோபமெல்லாம் அந்த டீயின் மேல்தான். பிழை என்று தெரிந்த பிறகு ஒரு மணி நேரம் நீ நேர்மையாக இருந்திருக்கிறாய். பிறகு ஒரு குவளை டீயில் அது கரைந்துவிட்டது. கையெழுத்துப் போட்டபோது எங்கள் மாடிப்படி கண்ணில் வந்ததா? உன் உயரத்தைக் கரியால் குறித்து வைத்த சமையலறைச் சுவர் வந்ததா? வந்தும் போட்டாயா, வராமல் போட்டாயா? இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நேற்று தையல்காரரும் தெருவில் நாலைந்து பேரும் வந்தார்கள். நான் அறிக்கை படித்த சேதி குமாஸ்தா வழியாகப் பரவியிருக்கிறது.

“சார், தங்கச்சி குடுத்த கல்லு ஒண்ணு உங்க மேஜை மேல இருக்குமே? அதை மீட்டிங்ல காட்டினா என்ன?”

“அது தொலைஞ்சு போச்சு.”

“உங்க வீட்டுல ஒரு குண்டூசி தொலையாதே சார்!”

“வயசாயிடுச்சு. தொலையுது.”

தையல்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அவர் முகத்துக்கு நேரே நான் சொன்ன முதல் பொய். உனக்காகச் சொன்னேன். இதற்காகவும் உன்னை மன்னிக்கப் போவதில்லை.

கல்லை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கட்டி வாங்குவதற்காகச் சமையல் மேடைக்குக் கல் அறுத்துத் தரும் கடைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் அட்டையும் தெர்மகோலும் வைத்துப் பாங்காகக் கட்டிக் கொடுத்தார்கள்.

ஏன் அனுப்புகிறேன் தெரியுமா? நான் கூட்டத்தில் தூக்கிக் காட்டினால் அது வெறும் கல். கிழவன் ரோட்டில் பொறுக்கி வந்தான் என்பார்கள். உன் கொட்டகையில், நாற்பத்தேழாம் துளைப் பெட்டியில், 113 என்று குறித்த இடத்தில் ஒரு சாண் காலி இருக்கும். அங்கே வைத்தால்தான் அது சாட்சி. அங்கே வைக்கக்கூடிய ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான். குளத்தில் எறியவும் உன்னால் முடியும். யோசித்துச் செய்.

24ஆம் தேதி காலை பத்து மணி. முதல் வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைப்பேன்.

அண்ணன்


ஏப்ரல் 25

கல்லுவுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

நேற்று உன் நாற்காலி காலியாக இருந்தது. அதில் ஒருவரையும் உட்கார விடவில்லை. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள், அவளுக்குக்கூட என் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நான் நின்றேன். முழங்கால் வலியோடு மூன்று மணி நேரம்.

உங்கள் மேலாளர் வந்திருந்தார். திரையில் உன் எண்களைப் போட்டுக் காட்டினார். நாற்பத்தேழாம் துளை வந்தபோது அம்புக்குறி வைத்து அதைச் சுற்றினார். “இது நாட்டின் சொத்து” என்றார். “எங்க சமையக்கட்டும் நாட்டுலதான்யா இருக்கு” என்று தையல்காரர் கத்தினார். ஜனம் கைதட்டியது. அதோடு சரி. கைதட்டலை அவர்கள் குறித்துக்கொள்ளவில்லை.

“யாருக்காவது தொழில்நுட்பக் கேள்வி இருக்கிறதா?” என்று கேட்டார்கள். நான் கை தூக்கினேன். ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடி நின்றேன். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ. கை வெளியே வரவில்லை. “கேள்வி இல்லை” என்று சொல்லி ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் கரும்பலகை முன்னால் நான் வாயடைத்து நின்றதில்லை. நேற்று நின்றேன். தையல்காரர் எனக்கு முன்னால் எழுந்து வெளியே போனார்.

முடிவை ஒரு மாதத்தில் சொல்வார்களாம். நீ எங்கே போயிருந்தாய்? டீ குடிக்கவா?

இதற்கு மேல் உனக்கு எழுதப் போவதில்லை.

அண்ணன்


ஏப்ரல் 25

அண்ணாவுக்கு,

நேற்று நான் வரவில்லை என்று இந்நேரம் திட்டி எழுதியிருப்பீர்கள். அந்தக் கடிதம் வந்து சேரும் முன்பே இதைத் தபாலில் போடுகிறேன். திட்டுவதற்கு எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

கல் 11ஆம் தேதி வந்தது. இரண்டு நாள் பிரிக்கவே இல்லை. பிறகு பிரிக்காமலே கைப்பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன், வந்தேன். குளத்தில் எறியவும் முடியும் என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அப்படி எழுதிவிட்டும் அனுப்பியிருக்கிறாரே, இவ்வளவுக்குப் பிறகும் நம்பி என் கையில் கொடுத்திருக்கிறாரே என்று. 16ஆம் தேதி அரசாங்கக் கனிம அலுவலகத்துக்குப் போய், என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். கோடு போட்டது நான், வாள்காரர் இல்லை என்பதை முதல் வரியாக எழுதினேன். 24ஆம் தேதி வந்து பெட்டிகளைப் பார்வையிடுவதாகச் சொன்னார்கள். அதுவரை வாயைத் திறக்க வேண்டாம் என்றார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதவில்லை.

நிறுவனத்துக்கு எப்படியோ வாசனை தட்டிவிட்டது. 23ஆம் தேதி மாலை ஒரு சுற்றறிக்கை. கொட்டகையில் இடமில்லையாம். பழைய பெட்டிகளிலுள்ள கற்களை லாரிப் பாதைக்கு ஜல்லியாகக் கொட்டவேண்டுமாம். மறுநாள் காலையே. எல்லாரும் உங்கள் கூட்டத்தில் இருக்கும் நேரம்.

காலை ஏழு மணிக்கு நாற்காலியைக் கொட்டகை வாசலில் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் வாள்காரர் ஒரு முக்காலி போட்டுக்கொண்டார். அள்ளும் வண்டி வந்து நின்றது.

“அம்மா, கொஞ்சம் நகருங்க.”

“நகரல.”

“எனக்கு ஆர்டர் இருக்கும்மா.”

“எனக்கும் நாளைக்கு ஒரு ஆர்டர் வரும், வீட்டுக்குப் போன்னு. இன்னைக்குத் தேதிக்கு இந்தக் கொட்டகைக்கு நான்தான் பொறுப்பு.”

“என்ன பண்றது இப்ப?”

“இன்ஜினை ஆஃப் பண்ணு. காது வலிக்குது” என்றார் வாள்காரர்.

அந்த ஓட்டுநர் நல்ல மனிதர். அணைத்துவிட்டு நிழலில் போய்ப் படுத்துக்கொண்டார். எங்கள் உதவி மேலாளர் நான்கு முறை வந்து கத்தினார். இரண்டு முறை டீ அனுப்பினார். குடிக்கவில்லை. மாலை நான்கு மணிக்குத்தான் கனிம அதிகாரி வந்து சேர்ந்தார்.

நாற்பத்தேழாம் பெட்டியைத் திறந்தேன். ஒரு சாண் காலி இருந்தது, நீங்கள் சொன்னபடியே. அவர் முன்னாலேயே கட்டைப் பிரித்துக் கல்லை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன்.

இரண்டு விரல் குறைந்தது.

முனையைத் திருப்பிப் பார்த்தேன். புது அறுப்பு. வாளின் வெண்தூள்கூட இன்னும் போகவில்லை. இருபத்தாறு ஆண்டு அறுத்த முகங்களைப் பார்த்தவளுக்கு அது தெரியாதா? கட்டுவதற்காகப் போன கடையா அது? சமையல் மேடைக் கல் கடை!

அதிகாரி கேட்டார்.

“மீதி எங்க?”

“எங்க அண்ணன்கிட்ட.”

“ஏன் வெட்டினாரு?”

“என்னை நம்பாம.”

“அதையும் எழுதிக்கட்டுமா?”

“எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டார், அண்ணா. அரசாங்க ஏட்டில் ஏறிவிட்டது. நீங்கள் நம்பி அனுப்பினீர்கள் என்று நினைத்துத்தான் நான் அந்த நாற்காலியைப் போட்டேன். பதின்மூன்று நாள் அந்த நினைப்பைச் சுமந்துகொண்டு திரிந்தேன். அது பொய். நான் உங்களை ஏமாற்றினேன், ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் மட்டும் என்ன செய்தீர்கள்?

கொட்டகைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். எல்லா மறுபாதிகளும் வேறு சோதனைச்சாலைக்குப் போகின்றன. என் வேலைநீக்க உத்தரவு இன்று காலை வந்தது. வாள்காரருக்கு வரவில்லை.

கல்லு


மே 12

அன்புள்ள கல்லுவுக்கு,

இனி எழுதப் போவதில்லை என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடு.

நலமா? இருமல் இல்லையே? அண்ணி கேட்கச் சொன்னாள், நானும் கேட்கிறேன்.

குழி வெட்டும் பணியை நிறுத்தி வைத்திருப்பதாக நேற்று நகராட்சியில் தாள் ஒட்டினார்கள். ரத்து இல்லை, மறுசோதனை முடியும் வரை நிறுத்தம். குமாஸ்தாவே என் வீட்டுக்கு வந்து சொன்னார். தையல்காரரிடம் போய் நான் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் இன்னும் முகம் கொடுக்கவில்லை. ஆனால் கிழிந்த என் சட்டைப் பையை வாங்கித் தைத்துக் கொடுத்தார். ரெட்டைத் தையல்.

ஆமாம், வெட்டினேன். நீ குளத்தில் எறிந்துவிட்டால் தெருவுக்கென்று ஏதாவது மிஞ்ச வேண்டும் என்று வெட்டினேன். கூட்டத்தில் என் பைக்குள் இருந்தது அதுதான். கையை வெளியே எடுக்க முடியவில்லை. எடுத்திருந்தால் உன் கதை அங்கேயே முடிந்திருக்கும். எடுக்காததால் நாற்பத்தொரு வீட்டுக்கும் நான் துரோகி ஆனேன். எந்தப் பக்கமும் முழுதாக நிற்க முடியாமல் செய்தவள் நீ. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, சீக்கிரம் தீரும் என்றும் தோன்றவில்லை.

உன் கோபத்துக்கு ஒரே ஒரு பதில் வைத்திருக்கிறேன். ஒரு சாணுக்குப் பன்னிரண்டு விரல். நான் உன்னை நம்பாதது அதில் இரண்டு. மீதிப் பத்தையும் அனுப்பினேனே, அதை உன் அதிகாரி எழுதிக்கொண்டாரா?

குறைந்த துண்டைப் பதிவுத் தபாலில் அனுப்பும்படி கனிம அலுவலகம் கடிதம் போட்டிருக்கிறது. அது வந்து சேரும் வரை நாற்பத்தேழாம் பெட்டி மட்டும் சீல் வைத்த கொட்டகையிலேயே இருக்குமாம். தபாலை நம்பி அனுப்ப மாட்டேன். வியாழக்கிழமை மதிய வண்டியில் நானே கொண்டு வருகிறேன். அண்ணியும் வருகிறாள். நிலையத்துக்கு வா. போகும் வழியில் நான் உன்னோடு பேச மாட்டேன், அண்ணியோடு பேசிக்கொள். உன் அதிகாரியைச் சீல் திறக்கக் கூட்டிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போவோம். அந்த இரண்டு விரலையும் அதன் இடத்தில் வைத்துப் பார்ப்போம். இடைவெளி இல்லாமல் பொருந்தினால், அதற்குப் பிறகு உன் வீட்டில் டீ குடிக்கிறேன்.

அண்ணன்